வந்து கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்

அந்தப் படத்தைப் பற்றி என் நாட்குறிப்பில் நான்கு பக்கங்கள் எழுதியிருக்கிறேன். சாதாரணமாக ஒரு நாளுக்கு அரைப்பக்கத்துக்கு மேல் நான் எழுதுவதில்லை. மழை பெய்ததா, என்ன மீன் வாங்கினோம், காஸ் சிலிண்டர் என்றைக்கு மாற்றினோம், மகளுக்குக் காய்ச்சல் எத்தனை மணிக்கு விட்டது என்பவைதான் அதில் இருக்கும். பிரதேச செயலகம் ஒன்றில் இருபத்துமூன்று வருடங்களாக முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். கோப்பில் இல்லாதது நடக்காதது என்று நம்பிப் பழகிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கத்தில்தான் எழுதுகிறேன்.

படம் பார்த்தது ஒரு சனிக்கிழமை பகல். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த என் மகள், சிநேகிதியிடம் பென்டிரைவில் வாங்கி வந்து டீவியில் போட்டாள். என் கணவர் பாடசாலைக் கூட்டமொன்றுக்குப் போயிருந்தார். அதனால் என் வாப்பாவையும் பின்னறையிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்து ஹோலில் இருத்தினாள்.

தமிழில் குரல் மாற்றிய படம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மனைவி இறந்தபின் தனியாக வாழ்கிறார். வீட்டில் ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்று நாள் முழுக்க ரேடியோவைப் பாடவிடுகிறார். நகரத்தில் வேலை செய்யும் மகள் விடுமுறைக்கு வருகிறாள். குசினியில் ஒரே ஒரு பீங்கானும் ஒரே ஒரு கப்பும் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்க்கிறாள். அந்த இடத்தில் பின்னணி இசை இல்லை. அவள் திரும்பிப் போகாமல் தங்கிவிடுகிறாள். தகப்பனை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு திரிகிறாள். தையல்கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணோடு கதைக்கும்போது மட்டும் அவருடைய முகம் மாறுவதைக் கண்டுபிடிக்கிறாள். கடைசியில் தானே போய் அந்தப் பெண்ணிடம் தகப்பனுக்காகக் கதைக்கிறாள். தகப்பன் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, இருபது வயது குறைந்தவர்போல் நடக்கிறார். அவ்வளவுதான் கதை.

நான் அழுதேன். மூக்கு அடைத்து, பேச்சு வராத அளவுக்கு அழுதேன்.

"உம்மா, படம்மா இது," என்றாள் மகள். "அந்தாள் நடிச்சதுக்குக் காசு வாங்கிட்டுப் போயிருப்பான். நீங்க இஞ்ச கிடந்து சாகுறீங்க."

முகத்தைக் கழுவிக்கொண்டு தேநீர் ஊற்றக் குசினிக்குப் போனேன். ஹோலில் வாப்பா பேசுவது கேட்டது.

"நல்ல புள்ளயொண்டப் பெத்திரிக்கான் அந்த மனிசன்."

"ஏன் மூத்தாப்பா, உங்களுக்கும் ஒரு பொண்டாட்டி பாப்பமா?"

"பாத்தாங்க புள்ள. வந்து கேக்கிறமெண்டு சொன்னாங்க. வரல்ல."

"ஆரு வரல்ல?"

"பொண்ணு ஊட்டுக்காரங்க. நான் பெரிசாச் சீதனம் கேட்டுப்போடுவன் எண்டு பயந்திட்டாங்களாக்கும்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு அது பகிடி. நான் குசினியில் கொதிநீர்க் கேத்திலைக் கையில் பிடித்தபடி நின்றேன். பெண் வீட்டுக்காரர்கள் வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களைத் திருப்பி அனுப்பியவளே நான்தான். ஆனால், அவர்கள் வருவார்கள் என்று வாப்பா காத்திருந்தார் என்பது எனக்கு அந்த நிமிடம்வரை தெரியாது. தெரியாது என்றுதான் இங்கே முதலில் எழுதினேன். பிறகு அந்தச் சொல்லை வெட்டினேன். தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை என்பதே சரியான வாசகம்.

மறுநாள் எழுதிய நான்கு பக்கங்களில் அந்தப் படத்தின் மகளைப் பற்றித்தான் நிறைய எழுதினேன். வாப்பாவைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: "வாப்பாவும் பார்த்தார்."

எங்கள் பக்கத்து வழக்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களிலும் வீடு பெண்ணுக்குரியது. பெண் பிள்ளை பிறந்த நாளிலிருந்து தகப்பன் அவளுக்கு வீடு கட்டத் தொடங்குவார். கலியாணத்தன்று மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். பெற்றோர் முன்வீட்டை ஒதுக்கிக் கொடுத்துவிட்டுக் குசினிப் பக்கமோ பின்வளவில் ஒரு அறைக்கோ போய்விடுவார்கள். மருமகன் ஹோலில் இருக்கும் நேரம் மாமனார் அங்கே வந்து இருக்கமாட்டார். மாமனார் பின்னால் இருக்கும்போது மருமகன் அங்கே போகமாட்டார். இது கோபமில்லை, மரியாதை. என் வாப்பா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்தவர். முப்பது வருடம் வாய்க்கால் கட்டுகளில் நடந்து கட்டிய வீட்டை, நான் ஒரே பிள்ளை என்பதால், முழுதாக எனக்கு எழுதித் தந்தார். அவரும் உம்மாவும் பின்னறைக்குப் போனார்கள். இரண்டு பேராக இருந்தபோது அந்த அறை அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளே எப்போதும் உம்மாவின் பேச்சுச் சத்தம் கேட்கும்.

உம்மா மௌத்தாகி ஐந்து வருடங்களாகின்றன. அதன்பிறகு மூன்று வேளையும் சாப்பாட்டை மூடி அவருடைய ஜன்னல் கட்டில் வைத்து, கதவில் ஒருதரம் தட்டிவிட்டு வருவேன். நேரம் தவறியதில்லை. பகல் ஒன்று பத்து, இரவு எட்டு மணி. வேலைநாட்களில் காலையிலேயே பகல் சாப்பாட்டையும் வைத்துவிடுவேன். வாப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் மகள் என்று எனக்கு ஊரில் பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

மாதத்தில் முதலாவது செவ்வாய்க்கிழமை அவருக்கு ஆஸ்பத்திரியில் பிறசர் கிளினிக். விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு போய் நம்பர் எடுப்பார். ஒரு கட்டத்தில் அவருடைய பேச்சில் ஒரு டீச்சர் வரத் தொடங்கினார். சாய்ந்தமருதைச் சேர்ந்தவர், ஓய்வு பெற்றவர், விதவை. வாப்பா தனக்கு நம்பர் எடுக்கும்போது அவருக்கும் சேர்த்து எடுத்து வைப்பாராம்.

"வெந்தயம் ஊறவெச்சுக் குடிச்சாச் சீனி இறங்குமாம், டீச்சர் சொன்னா," என்பார்.

"டீச்சர்ட மகள் கட்டார்ல. அவ்வளவு பெரிய ஊட்டில தனியக் கிடக்கா, பாவம்," என்பார்.

அந்த மாதங்களில் அவர் தாடிக்கு மருதாணி போட்டார். பகல் சாப்பாட்டுப் பீங்கானை என்னிடம் திருப்பித் தரும்போது ஏதாவது ஒரு கதை சொல்லாமல் போகமாட்டார். என் கணவர் ஒருநாள் சிரித்துக்கொண்டு, "மாமாட கிளினிக் மருந்து நல்லா வேலை செய்யிது," என்றார். நான் சிரிக்கவில்லை. அந்த நாளுக்குரிய பக்கத்தில், "வெந்தயம் 250 கிராம்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

படம் பார்த்ததற்கு ஒரு வருடமும் ஏழு மாதமும் முன்பு, அசர் தொழுகை நேரத்தில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சேட்டு, சாம்பல் நிறக் காற்சட்டை, கையில் ஒரு கேக் பெட்டியும் ஒரு சீப்பு வாழைப்பழமும். டீச்சரின் தம்பி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். கணவரும் வீட்டில் இல்லை.

"முறைப்படி பொண்ணு ஊட்டுக்காரங்க நாங்கதானே வந்து மாப்பிள்ள கேக்கணும், தங்கச்சி," என்றார் அவர். மாப்பிள்ளை என்று சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. "எழுபது வயசு மாப்பிள்ள. ஆனாலும் முறை முறைதானே."

நான் கதிரையொன்றை இழுத்துப் போட்டேன்.

"எங்கட ராத்தா தனிய இரிக்கா. உங்கட வாப்பாவப் பத்தி விசாரிச்சம், நல்ல மனிசன். ராத்தா ஒண்டு மட்டும் கண்டிப்பாச் சொன்னா. மகள்ட மனசு நோக ஒண்டும் செய்யப்படாது, முதல்ல அந்தப் புள்ளயிட்டக் கேளு எண்டு. அதுதான் அவரிட்டப் போகாம நேரா உங்களிட்ட வந்தன்."

அந்தப் பெண் எனக்குக் காட்டிய மரியாதைதான் எனக்கு வசதியாகப் போனது. வாப்பாவுக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று அந்த இடத்தில் கண்டுகொண்டேன்.

"வாப்பா இன்னும் உம்மாட நினைவிலதான் இரிக்கார்," என்றேன். "அவருக்கு அப்படியொரு எண்ணமில்ல."

"அவரிட்டக் கதைச்சுப் பாத்தாத்தானே தெரியும்?"

"கதைச்சிட்டுத்தான் சொல்றன். ஆராவது இப்படி வந்தா வேணாமெண்டு சொல்லச் சொல்லி அவரே முந்தி என்னிட்டச் சொல்லியிருக்கார்."

அவருடைய முகம் மாறியது. "அப்படியா? ராத்தா சொன்னது வேற மாதிரி..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "சரி தங்கச்சி. கேட்டதில குறையொண்டுமில்லதானே." எழுந்து போனார். பெட்டியையும் பழத்தையும் திருப்பிக் கொண்டுபோவது அழகில்லை என்று வைத்துவிட்டுப் போனார்.

வாப்பா அன்று பள்ளிவாசலில் நின்று கதைக்காமல் வேகமாக வந்தார். பெருநாளுக்கு வாங்கிய சாரன் உடுத்திருந்தார். அதை அன்று கவனித்தேன், எதையும் யோசிக்கவில்லை.

"ஆரும் வந்தாங்களா மகள்?"

"இல்ல வாப்பா."

"கேக்கொண்டு கிடக்கு?"

"ஒபிஸ்ல ஒரு புள்ள தந்தது. ஆம்புளப் புள்ள கிடைச்ச சந்தோசத்துக்கு."

அவர் இரண்டு துண்டு எடுத்துச் சாப்பிட்டார். "பட்டர் நல்லாப் போட்டிரிக்கி," என்றார். பிறகு வெளிப்படியில் இருந்து பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைய பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். "சனி. பின்னேரம் வெயில் குறைவு. கேக்." ஊசி வாங்கினாலும் எந்தக் கடையில் வாங்கினேன் என்று எழுதுகிறவள் நான். கேக் யாரிடமிருந்து வந்தது என்று எழுதவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். வாப்பா இன்னொரு பெண்ணின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனால், வீட்டை வாங்கிக்கொண்டு மகள் தகப்பனை வெளியே அனுப்பிவிட்டாள் என்று ஊர் சொல்லும் என்று பயந்தேன். அது உண்மை. உம்மாவை நினைத்தேன் என்று முதலில் எழுதியிருந்தேன். அது பொய். அந்த நேரத்தில் உம்மாவை நான் நினைக்கவே இல்லை, பெயரைத்தான் பாவித்தேன். கணவர் விரும்பமாட்டார் என்றும் ஒரு காரணம் வைத்திருந்தேன். பின்னாளில் அவரிடம் சொன்னபோது, "அண்டைக்கே எனக்கிட்டக் கேட்டிருந்தா நான் ஓமெண்டு சொல்லியிருப்பனே," என்றார். ஆக அதுவும் இல்லை. இவற்றுக்கெல்லாம் கீழே இன்னொன்று கிடக்கிறது. காலையில் மீன் வாங்கித் தருகிறவர், மகளை டியூசனிலிருந்து கூட்டி வருகிறவர், நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனபின் வீட்டில் இருக்கிறவர் அவர். அவர் தனியாக இருப்பது எனக்கு உதவியாக இருந்தது. இதை எழுதவே எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

அதன்பிறகு நடந்தவை என் நாட்குறிப்பில் ஒழுங்காக இருக்கின்றன, காரணங்கள் இல்லாமல். அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக்கால் வந்தவர் பகல் சாப்பாட்டைத் தொடவில்லை. அதற்கடுத்த மாதம் கிளினிக்கை வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். செவ்வாயில் சனம் கூட என்றார். மருதாணி போடுவது நின்றது. பீங்கானைத் திருப்பித் தர வரும்போது கதை சொல்வது நின்றது. பிறகு பீங்கானைத் திருப்பித் தர வருவதும் நின்றது. பின்வளவுக் குழாயில் தானே கழுவி ஜன்னல் கட்டில் கவிழ்த்து வைப்பார். அதையும் எழுதியிருக்கிறேன்: "வாப்பா பீங்கானைத் தானே கழுவி வைக்கிறார். நல்லது."

எங்கேயோ ஒரு படத்தில் கவிழ்த்து வைத்த பீங்கானைக் கண்டு மூக்கு அடைக்க அழுதவளும் இதை எழுதியவளும் ஒரே ஆள்.

படம் பார்த்துப் பதினொரு நாட்கள் நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டை வைத்துக் கதவைத் தட்டிவிட்டு, சொல்வதற்கு வாயைத் திறப்பதற்குள் திரும்பி நடந்தேன். பன்னிரண்டாம் நாள் பௌர்ணமி, போயா விடுமுறை. கணவரும் மகளும் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். காலை பத்து மணிக்குத் தலையணை உறை மாற்றுகிறேன் என்று பின்னறைக்குள் போனேன். வாப்பா கட்டிலில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, ஒரு விசயம் கதைக்கணும்."

"கதை."

"சாய்ந்தமருது டீச்சர்ட தம்பி வந்தவர்."

பேப்பரைக் கீழே வைத்துவிட்டுப் பாதி எழுந்தார். கண் முன்வாசல் பக்கம் போனது. "எப்ப? இப்பயா?"

அவர் அப்படி எழுந்ததை நான் மறக்கமாட்டேன். "இப்ப இல்ல வாப்பா," என்றேன். "முந்தி. ஒரு வருசத்துக்கும் மேல. நீங்க பள்ளிக்குப் போயிருந்த நேரம். நான்தான் வேணாமெண்டு சொல்லி அனுப்பின. நீங்க சொன்னதெண்டு சொன்னன்."

அவர் மெதுவாகத் திரும்பவும் கட்டிலில் இருந்தார். கீழே வைத்த பேப்பரை எடுத்து மடித்தார். பிறகு, "அப்ப அவங்க வந்தாங்க," என்றார். அது கேள்வியாக இருக்கவில்லை.

"ஓம் வாப்பா."

"அந்தக் கேக்?"

"அவங்க கொண்டு வந்ததுதான்."

"தம்பிக்காரன் தனியவா வந்தது?"

"ஓம்."

"என்ன சொன்னாரு? முழுக்கச் சொல்லு."

சொன்னேன். எனக்கு ஞாபகசக்தி நல்லது. வெள்ளைச் சேட்டையும், முறைப்படி பெண் வீட்டார்தான் வரவேண்டும் என்று அவர் சொன்னதையும், எழுபது வயது மாப்பிள்ளை என்று சிரித்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மகளின் மனது நோகக்கூடாது என்று டீச்சர் சொல்லியனுப்பிய இடம் வந்தபோது, "அதைத் திருப்பிச் சொல்லு," என்றார். திருப்பிச் சொன்னேன். நான் என்னுடைய குற்றத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதில் தனக்கு வந்த செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் விரிந்துகொண்டே போனது.

"நான் நினைச்சன், அவ என்னில ஏதோ குறை கண்டிட்டா எண்டு," என்றார். "என்ன குறையெண்டு எவ்வளவு நாள் தேடினன் தெரியுமா? முன்பல்லு ரெண்டும் இல்லாததா, ஒருக்கா அவட குடைய மறதியாத் தூக்கிக்கொண்டு வந்ததா? பிறகு கிளினிக்கில நான் போய் சலாம் சொல்ல, தலையக் குனிஞ்சுகொண்டு அடுத்த வாங்கில போய் இருந்திட்டா. இப்பதானே விளங்குது."

"என்ன ஏசுங்க வாப்பா," என்றேன்.

அவர் தலையணையைத் தன் பக்கம் இழுத்து, நான் பாதியில் விட்டிருந்த உறையை அவரே மாட்டினார். "எப்படிப் புள்ள ஏசுற? உன்ட ஊட்டுக்குள்ள இரிந்துகொண்டு."

குத்திக் காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. நடைமுறையைச் சொல்வதுபோல்தான் சொன்னார். இந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் அவருடையது. ஆனால் என்னை ஏசுவதற்கு இந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்று அவர் இருபத்தொரு வருடமாக நம்பி வாழ்ந்திருக்கிறார்.

நான் அறையை விட்டு வெளியேறும்போது கூப்பிட்டார். "ஒரு உதவி செய் மகள். அவட்டப் போய்ச் சொல்லு. நான் ஒண்டும் கேக்கச் சொல்லல்ல. நான் மறுக்கல்ல எண்டு மட்டும் சொன்னாப் போதும்."

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆட்டோவில் சாய்ந்தமருதுக்குப் போனேன். அந்த வீட்டுக்கு முன்னால் இறங்கியபின் ஆட்டோக்காரரிடம் நிற்கச் சொல்வதா போகச் சொல்வதா என்று தெரியாமல் நின்றேன். டீச்சரே கதவைத் திறந்தார். மெலிந்தவர், அறுபது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்தார். யாரென்று சொன்னதும் வழிவிட்டு நின்றார்.

"வாங்க. இரிங்க. வாப்பாக்கு ஒண்டுமில்லதானே?" என்றார். குரலில் பயம் இருந்தது. வேலைநாளில் மகள் மட்டும் வந்து நின்றால் மௌத்துச் செய்தி என்று நினைத்திருப்பார்.

"இல்ல டீச்சர். சுகமா இரிக்கார்."

பிறகு சொன்னேன். ஆட்டோவில் வரும்போது மனதுக்குள் ஒழுங்குபடுத்திய வசனங்கள் எதுவும் வரவில்லை. "அவர் வேணாமெண்டு சொல்லல்ல டீச்சர். அவருக்கு நீங்க ஆள் அனுப்பினதே தெரியாது. நான்தான் பொய் சொன்னன்." இவ்வளவுதான் வந்தது.

டீச்சர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். இருபது வருடம் பிள்ளைகளின் களவைப் பிடித்த பார்வை.

"நான் கறுப்பெண்டா? கிழவியெண்டா? இல்லாட்டி ஊட்டில வேலைக்கு ஆளில்லாமப் போயிடும் எண்டா?"

"கடைசியாச் சொன்னதுதான்," என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு நின்றது.

"ஒண்டு சொல்றன் மகள், கேளுங்க. என்ன வேணாமெண்டு சொன்னதுக்கு நான் அழல்ல. அந்த வயசில்ல. ஆனா அடுத்த கிளினிக்குக்கு, விடியக் காலத்தால எழும்பி நானே போய் வரிசையில நிண்டு எனக்கு நம்பர் எடுத்தனே, அண்டைக்கு அழுதன்."

அவர் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். ஒரே மிடறில் குடித்தேன்.

"இதுக்குமேல தம்பிய அனுப்ப மாட்டன்," என்றார். "ஒருக்கா வந்து முகம் கறுத்துப் போனவன். உங்கட வாப்பா வரட்டும். இந்தச் செவ்வாக்கிழம கிளினிக்குக்கு வரச் சொல்லுங்க. இந்தமுறை நம்பர நான் எடுத்து வெக்கிறன்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது வாப்பா, "ஓம், ஓம்," என்று மட்டும் சொன்னார். பிறகு கடைக்குப் போய் மருதாணித் தூள் வாங்கி வந்தார். செவ்வாய்க்கிழமை சுபஹுக்குப் போனவர் பகல் லுஹர் பாங்குக்குப் பிறகுதான் வந்தார். மருந்து எடுக்க மறந்துவிட்டார்.

ஒன்றரை மாதத்தில் நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளையின் ஆட்கள் என்று நாங்கள் மூன்று பேரும் போனோம். என் மகள் வழி முழுக்க, "மூத்தாப்பா, வெக்கமா இரிக்கா? கைலேஞ்சி வேணுமா, முகத்த மூட?" என்று பகிடி பண்ணிக்கொண்டு வந்தாள். அவர் சிரித்துக்கொண்டே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டுபோனது ஒரு சிறிய சூட்கேஸ். அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது என்பதை நான் கவனித்தேன்.

நான் பயந்ததுபோலவே ஊர் கதைத்தது. அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருப்பவர், "வாப்பாவ ஒருமாதிரி அனுப்பிட்டீங்க போல," என்றார். பக்கத்து வீட்டில் சொன்னது மகள் மூலமாகக் காதுக்கு வந்தது. நான் யாருக்கும் மறுத்துச் சொல்லவில்லை. அவர்கள் சொல்வது பிழை. ஆனால் அதைவிட மோசமான ஒன்றை நான் செய்திருக்கும்போது, இந்தச் சின்னப் பிழையைத் திருத்தப் போவது எனக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை பின்னேரம் மீன்பொரியல் செய்து எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். அவர் முன்ஹோலில் கால் நீட்டி இருந்து டீவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டின் மாப்பிள்ளை அவர். என்னைக் கண்டதும் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"இஞ்சருங்கோ! மகள் வந்திரிக்கா! டீ ஊத்துங்கோ!"

நான் திடுக்கிட்டேன். அது ஒரு பெரிய குரல். வயல்வெளியில் ஒரு வரம்பிலிருந்து மறுகரைக்குக் கூப்பிட்டு மடை திறக்கச் சொல்கிறவரின் குரல். சிறுவயதில் நான் கேட்டிருக்க வேண்டும், ஆனால் ஞாபகமில்லை. என் வீட்டில் அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். பக்கத்தில் போய்க் காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும். வயதாகிக் குரல் தளர்ந்துவிட்டது என்று நினைத்து, இரண்டு வருடங்களுக்கு முன் அவரைத் தொண்டை டொக்டரிடம் கூட்டிப் போனேன். டொக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். வாப்பா சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தார். டொக்டருக்குத் தெரியவில்லை என்று நான் அன்று எழுதிவைத்திருக்கிறேன்.

உள்ளேயிருந்து டீச்சரின் குரலும் அதே சத்தத்தில் வந்தது. "கேக்குது, கேக்குது! காது செவிடில்ல எனக்கு!"

வாப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் கொண்டுபோன பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, தேநீர் வரும்வரை அவர் சத்தமாகச் செய்திக்குப் பதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.